கூட்டம் முடிந்த நேரம்

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சிந்தனையில் உதிக்கவில்லை. கைதட்டலில் உதித்தது. தட்டியவன் நான்.

எங்கள் வட்டாரத்துப் பொதுக்கூடத்தில் போன வாரம் ஒரு கூட்டம். என் வீட்டு வாசலில் எரியாத தெருவிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமே என்று போனேன். வாசலில் மேசை போட்டு ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். போட்டேன். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்தேன். உட்கார்ந்ததும் கண் சொருகியது. பொதுக்கூட்டத்தில் எனக்கு வருகிற தூக்கம் வீட்டில் எந்த மெத்தையிலும் வந்ததில்லை. திடீரென்று எல்லோரும் கைதட்டினார்கள். திடுக்கிட்டு விழித்து, கும்பலோடு கும்பலாக நானும் தட்டினேன். நன்றாகவே தட்டினேன், பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்குங்க தட்டினோம்?" என்று அவரிடமே கேட்டேன்.

"இந்த ஹாலை மூடுறதுக்கு."

அதாவது, இந்தக் கூடத்துக்கு யாருமே வருவதில்லை, ஆகவே மூடிவிடலாம் என்று முடிவு செய்ய, முப்பத்தேழு பேர் அதே கூடத்தில் கூடி, அதே கூடத்தின் டீயைக் குடித்து, கைதட்டியிருக்கிறோம்.

அன்றிலிருந்து நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. பால் வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒளிக்காமல் வைக்கிறேன்.

'மக்கள் கூடுகிற இடம்தான் ஒரு ஊரின் இதயம்.' இது எங்கள் வட்டாரத் தலைவர் போன வருஷம் பேசிய பேச்சு. அதற்கு முந்திய வருஷமும் பேசினார். அடித்துவிட்டேன்.

'அந்தக் கூடத்தின் சுவர்களுக்கு வாயிருந்தால்—' சுவர்களுக்கு வாயிருந்தால் தலைவர் அவற்றுக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கொடுத்திருப்பார். இதையும் அடித்துவிட்டேன்.

'மினிட்ஸம்மா அன்று காலையிலேயே மாலைக் கூட்டத்தை முடித்துவிட்டார்.'

இது நிற்கும் போலிருக்கிறது. இதில் பொய் குறைவு.

3

மினிட்ஸம்மா அன்று காலையிலேயே மாலைக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

மினிட்ஸம்மா என்பது வட்டார அலுவலகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், என்ன தீர்மானம் ஆயிற்று என்று குறிப்பு எழுதுவது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக எழுதுகிறார். முதல் இரண்டு வருஷம், பாவம், கூட்டம் முடிந்த பிறகு எழுதினார். அப்புறம்தான் பிடிபட்டது: எந்தக் கூட்டமும் அவருக்கு முன்கூட்டியே தெரியாத எதையும் செய்வதில்லை. தலைவர் வரவேற்பார். வரவேற்ற களைப்பு ஆறுவதற்குள் தலைவரே உரையாற்றுவார். தீர்மானத்தை வாசிப்பார். எவரும் ஆட்சேபம் தெரிவிக்கமாட்டார்கள். ஏகமனதாக நிறைவேறும். இதைப் போய் சாயங்காலம் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் பஸ் போய்விடும். காலையில் அடித்து வைத்தால் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம்.

நாம் டீக்காகப் போடுகிற கையெழுத்து நோட்டு இருக்கிறதே, அதன் பக்கத்தைக் கிழித்துத் தீர்மானத்தோடு குண்டூசி குத்திச் சேர்ப்பார்கள். தலையில் ஒரு வரி விழும்: 'சம்மதித்தோர் பட்டியல்.'*

ஒரே ஒரு இடத்தை மட்டும் மினிட்ஸம்மா காலியாக விடுவார். கூட்டம் முடிந்த நேரம். காரணம் உண்டு. ஒரு தடவை அதையும் சேர்த்து 4.50 என்று அடித்து வைத்துவிட்டார். அன்றைக்குத் தலைவர் வந்ததே ஐந்தரைக்கு. தொடங்கிய நேரத்தைக் கையால் திருத்தியவர், முடிந்த நேரத்தைத் திருத்த மறந்துபோனார். கூட்டம் தொடங்குவதற்கு நாற்பது நிமிடம் முன்பே முடிந்துவிட்டதாக ஆவணமாயிற்று. தணிக்கைக்கு வந்தவர் அதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, 'நேரம் சிக்கனமாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார்.

அவர் பிழைக்கவிட்டாலும் மினிட்ஸம்மாவுக்கு உதறல் போகவில்லை. அன்று முதல் அந்த ஒரு கோடு காலி. கூட்டம் கலைந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பேனாவால் எழுதுவார். கீழே கையெழுத்துப் போடுவார். அந்த நேரமும் கையெழுத்தும் விழுந்தால்தான் தீர்மானம் செல்லும். விழாதவரைக்கும், விதிப்படி, கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அன்று காலை அவர் அடித்த தீர்மானம்: 'பொதுக்கூடம் பயன்பாட்டில் இல்லாததால் அதை மூடி, அலுவலகக் கோப்புகள் வைக்கும் அறையாக மாற்றுவது.'

என்ன கோப்புகள்? பெரும்பாலும் மினிட்ஸ். கூட்டம் நடந்ததற்கான ஆதாரங்களை வைக்க இடம் போதவில்லை. ஆகவே கூட்டம் நடக்கிற இடத்தைக் காலி செய்யுங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மவர்கள் அவளையும் தாண்டிவிட்டார்கள். கூடமே வேண்டாம் என்கிறார்கள்.

'பயன்பாட்டில் இல்லாததால்' என்ற இடத்தில் மினிட்ஸம்மாவின் விரல் நின்றது. தினமும் நாலு மணிக்கு அந்தக் கூடத்தில் வந்து உட்காருகிற ஒருவரை அவருக்குத் தெரியும். கையைப் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைப்பதே அவர்தான்.

நின்ற விரல் மறுபடியும் நகர்ந்தது. 'நான் எழுதாட்டி இன்னொருத்தர் எழுதப்போறாங்க.' உலகத்தில் பாதி அநியாயம் இந்த ஒரு வாக்கியத்தில்தான் குடியிருக்கிறது. மீதிப் பாதி வாடகைக்கு இருக்கிறது.

*என் கையெழுத்து பதினான்காவது. பேனாவை நூலில் கட்டிப்போட்டிருந்தார்கள். என்னைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும்.

4

[நேர்மைக்காக ஒரு அடைப்புக்குறி. மினிட்ஸம்மாவின் வீட்டுக்குள் நான் போனதில்லை. நாலு மணிக்கு வந்து உட்காருகிற அந்த மனிதரை அவர் "அண்ணே" என்று கூப்பிட்டதைக் காதால் கேட்டேன். அந்த அண்ணன் பேசியதைக் கண்ணால் பார்த்தேன். மீதி நான் கட்டியது. எழுத்தாளனின் பிழைப்பே அடுத்தவர் வாக்கியத்தை முடித்துக்கொடுப்பதுதான். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னை அடிக்க உதவும்.]

அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று முப்பது வருஷம் கத்திய தொண்டை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து ஒரு பக்கத்தை இழுத்துவிட்டது. கால் முக்கால்வாசி திரும்பி வந்தது. பேச்சும் வந்தது, ஆனால் பழைய டவுன்பஸ் மாதிரி, ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்று.

வீட்டில் அவர் பேசுவதில்லை. பேச இடமில்லை. "த…" என்று அவர் தொடங்குவதற்குள் தங்கை, "தண்ணியா அண்ணே? இந்தா" என்று சொம்பை நீட்டிவிடுவார். "ஜ…" என்றால் ஜன்னல் திறந்திருக்கும். அன்புதான். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருக்கிற அன்பு. முதல் எழுத்தைக் கேட்டே மீதியை அடித்து வைத்துவிடுகிற கை அது. ஒரு வருஷத்தில் அண்ணன் முதல் எழுத்தையும் விட்டுவிட்டார். விரலை நீட்டிக் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது.

கூடத்தில் கதை வேறு. அங்கே பூட்டு ரிப்பேர் செய்கிற பூட்டுக்காரரும், ஓய்வுபெற்ற நர்சம்மாவும் சதுரங்கப் பலகையோடு காத்திருப்பார்கள். அந்தப் பலகையில் ஒரு குதிரை தொலைந்துபோய், அதற்குப் பதிலாக ஒரு பழைய சாவி நிற்கும்.

"செ…" என்பார் அண்ணன்.

"நீ பாட்டுக்கு சொல்லிட்டிரு. நான் போய் டீ வாங்கிட்டு வந்துடறேன்" என்று பூட்டுக்காரர் எழுந்துகொள்வார்.

"எனக்கும் ஒண்ணு. ஸ்ட்ராங்கா."

"உங்களுக்கு சர்க்கரை இருக்குதே, நர்சம்மா."

"எனக்குத்தான் இருக்குதே, டீயில எதுக்கு? போடாம வாங்கிட்டு வா."

டீ வந்து, ஆறி, பாதி குடித்து முடிக்கிற நேரத்தில் அண்ணனின் வாக்கியமும் வந்து சேரும்: "செ…த்துப்…போச்சு… உன்… ராணி." பூட்டுக்காரர் பலகையைப் பார்ப்பார். செத்துத்தான் போயிருக்கும்.

ஒரு நாள் மினிட்ஸம்மா அண்ணனைக் கூட்டிப்போகச் சீக்கிரமாக வந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே அண்ணன் ஏதோ பழைய பஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முழு வாக்கியம், ஒன்பது வார்த்தை. மினிட்ஸம்மா எண்ணினார். கடைசி வார்த்தைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். அது முடிகிறவரைக்கும் அவர் உள்ளே போகவில்லை. அன்றைக்கு பஸ் போய்விட்டது.

இவ்வளவும் தெரிந்தவர்தான் 'பயன்பாட்டில் இல்லாததால்' என்று அடித்தார். அவரை வெறுக்கலாமா என்று யோசித்தேன். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். சரியாக வரவில்லை. பதினான்காவது கையெழுத்துக்காரன், தட்டச்சு செய்த முப்பத்தெட்டாவது ஆளை வெறுப்பதற்கு ஒரு முகம் வேண்டும்.

அன்று மத்தியானம் மினிட்ஸம்மா வீட்டுக்கு வந்து, வழக்கம்போல அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

"அண்ணே, இன்னிக்கு ஹால்ல கூட்டம் நடக்குது. ஓரமா உக்காந்துக்கோ. டீ குடுப்பாங்க."

"எ…"

"என்ன கூட்டம்னு கேக்கறியா? ஒண்ணுமில்ல. எப்பவும் நடக்கறதுதான்."

5

[இந்த எண்ணில் பொதுக்கூடங்களின் சமூக முக்கியத்துவம் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. நாலு பக்கம். நடுவில் நானே தூங்கிவிட்டேன். எடுத்துவிட்டேன். அதில் உருப்படியாக இருந்தது ஒரு வரிதான்: நாலு பேர் உட்காருகிற இடம் வேறு, நாற்பது பேரை உட்கார வைக்கிற இடம் வேறு, முன்னதில் ஆள் பேசுவான், பின்னதில் மைக் பேசும்.]

6

கூட்டம் நாலரைக்குத் தொடங்கியது. தலைவர் எழுந்தார். நீலக் கோப்பைத் திறந்தார்.

அந்தக் கோப்பில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று தலைவரின் உரை. இன்னொன்று, கூட்டம் முடிந்ததும் கையெழுத்துக்காக வைத்திருந்த மினிட்ஸ். இரண்டையும் அடித்தது ஒரே கை. இரண்டிலும் ஒரே தலைப்பு. தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கைக்கு வந்த தாளை எடுத்தார்.

"தலைவர் அனைவரையும் வரவேற்றுப் பேசினார்" என்று தலைவர் பேசினார்.

தலைவர் கையில் இருப்பது எந்தத் தாள் என்று மினிட்ஸம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் கையை ஆட்டிப் பார்த்தார். தலைவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"தலைவர் தமது உரையில் வட்டாரத்தின் வளர்ச்சியை எடுத்துரைத்தார். பொதுமக்கள் ஆர்வத்துடன் கேட்டனர்." தலைவர் நிமிர்ந்து பார்த்தார். பொதுமக்களில் நான் ஒருவன்; ஆர்வத்துடன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். "கைதட்டல்" என்று அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விடாமல் வாசித்தார். தட்டினார்கள். நடக்காத கூட்டத்தின் குறிப்பை நடக்கிற கூட்டத்தில் வாசிக்கிறார் என்று கைதட்டிய முப்பத்தேழு பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. உறைக்காது. வழக்கமான உரைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கொஞ்சம் சுருக்கம், அவ்வளவுதான். அது கேட்பவர்களுக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும்.

"பொதுக்கூடம் பயன்பாட்டில் இல்லாததால் அதை மூடி, கோப்பு அறையாக மாற்றும் தீர்மானம் முன்வைக்கப்பட்டது. எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது."

கைதட்டல். இந்த இடத்தில்தான் நான் விழித்தேன். தட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்னார்.

தலைவர் கடைசி வரிக்கு வந்தார். "கூட்டம் முடிந்த நேரம்…" நின்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார். மைக்கை மூடாமலே திரும்பினார். "என்னம்மா இது, நேரம் போடாம விட்டிருக்கே?"

அந்த வார்த்தை நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. பிறகு ஒரு மௌனம். அந்தக் கூடத்தில் அன்றைக்கு நடந்த முதல் உண்மையான விஷயம் அந்த மௌனம்தான்.

அதற்குள் யாரோ சிரித்தார்கள். பின்வரிசை ஓரத்தில். முப்பது வருஷம் பஸ்ஸுக்குள் கத்திய தொண்டையின் சிரிப்பு. அண்ணன். அவருக்கு மட்டும் முதல் வரியிலேயே புரிந்திருந்தது. வார்த்தைக்கு வார்த்தை காத்திருந்து பழகியவர். வந்த ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருந்தார்.

சிரித்து முடித்து, முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே," என்றார் மினிட்ஸம்மா, மெதுவாக. "உக்காருண்ணே."

"இ…" என்றார் அண்ணன்.

"பெரியவர் நன்றி சொல்ல ஆசைப்படறார். சந்தோஷம். உக்காருங்க பெரியவரே" என்றார் தலைவர்.

"அவர் இன்னும் ஒரு எழுத்தைத் தாண்டலையே சார். நன்றி எங்கேருந்து வந்துச்சு?" இது, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்சம்மா.

"ன்…"

எல்லோரும் மினிட்ஸம்மாவைப் பார்த்தார்கள். அவருக்கு அந்த வார்த்தை தெரியும். அடுத்த வார்த்தையும் தெரியும். வாயைத் திறந்தார். சொம்பை நீட்டுகிற அதே வேகத்தில் முழு வாக்கியமும் நாக்கு நுனிக்கு வந்திருக்கும். ஒரு வினாடி. பேனா மூடியைக் கழற்றிப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

இதை நான் பார்த்தேன். இது கட்டியது இல்லை.

"…னும்…" மைக் செட்காரர் ஒரு வயரைச் சுருட்டி முடித்திருந்தார். "மு…" காலி டீ கப்புகளை யாரோ ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தார்கள். "…டி… ய… ல."

இன்னும் முடியல.

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டிக்கெட் வாங்கியவர் மாதிரி உட்கார்ந்தார்.

நான் தூங்கினாலும் என் காது தூங்காது, தலைவர் வாசித்ததெல்லாம் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் காதில் விழுந்தது மனசுக்கு வந்துசேர வீடு போகிற வழி முழுக்கப் பிடித்தது.

7

முடிவுகள்.

(அ) முப்பத்தேழு பேரும் எழுகிறார்கள். "முடியல! முடியல!" என்ற முழக்கம். தலைவர் தலைகுனிகிறார். தீர்மானம் சுக்குநூறாக—

இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த முப்பத்தேழு பேரில் நானும் ஒருத்தன். எனக்கு என்னைத் தெரியும்.

(ஆ) மினிட்ஸம்மா 5.10 என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். கூடத்தில் இரும்பு அலமாரிகள் வருகின்றன. சதுரங்கப் பலகை பூட்டுக்காரர் கடையில் தூசி படிகிறது. வீட்டில் அண்ணன் விரலை நீட்டுகிறார், ஜன்னல் திறக்கிறது. இது நடக்கக்கூடியது. அதனாலேயே இதை எழுதக் கை வரவில்லை. கோழைத்தனம் என்பீர்கள். ஆமாம்.

(இ) நீலக் கோப்பு டீயில் விழுந்து—

இல்லை. டீக்குக் கதையில் ஏற்கெனவே நிறைய வேலை கொடுத்துவிட்டேன்.

8

நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம்தான் தெரியும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு பத்துன்னு போட்டு, காலைல பத்து மணிக்குள்ள என் மேசைக்குக் கொண்டாந்துடும்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஜனம் கலைந்தது. பிஸ்கட் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கலைந்தது. அண்ணன் அசையவில்லை. பூட்டுக்காரரும் நர்சம்மாவும் நாற்காலிகளை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டார்கள். நடுவில் பலகையை விரித்தார்கள். சாவியைக் குதிரைக் கட்டத்தில் நிறுத்தினார்கள்.

"ஐயா, பூட்டணும்" என்றார் காவலாளி.

"பூட்டிக்க. நாப்பது வருஷமா பூட்டுலதான் பொழைக்கறேன், என்னை உள்ள வச்சே பூட்டு" என்றார் பூட்டுக்காரர்.

நானும் எழுந்தேன். எனக்கு பஸ் இருந்தது. (இல்லை. என் வீடு நடக்கிற தூரம்.) கேட்டுக்குப் பக்கத்தில் வந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது: மினிட்ஸம்மா மேடைப் பக்கமிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் பக்கத்தில் போட்டார். மடியில் நீலக் கோப்பு. பல்லில் இன்னும் பேனா மூடி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார், உதடு குவிந்திருந்தது.

அந்த முதல் எழுத்து என்னவென்று எனக்குத் தெரியாது. நான் வந்துவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு அந்தத் தாளில் என்ன இருந்தது என்று போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'திறந்த முடிவு கலைக்கு அழகு' என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். கலையாவது, அழகாவது. வெட்கம். அங்கே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் எனக்கும் முடிவு தெரிந்திருக்கும்.

ஆகவே, இந்தக் கதையின் கடைசி வரியையும் மினிட்ஸம்மா போலவே காலியாக விடுகிறேன்.

கூட்டம் முடிந்த நேரம்: ..............

இதை நீங்கள் வீட்டிலிருந்தே நிரப்ப முடியாது. உங்கள் தெருவிலும் ஒரு கூடம் இருக்கும். மூடப்போகிறார்களா என்று விசாரியுங்கள், மூடத்தான் போவார்கள். போங்கள். வாசலில் மேசைமேல் நோட்டு இருக்கும், நூலில் கட்டிய பேனாவோடு. அதைத் தாண்டி உள்ளே போங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அது என்னுடையது. அதைத் தூக்கிக்கொண்டு போய், சதுரங்கப் பலகைக்குப் பக்கத்தில் போட்டு உட்காருங்கள். அண்ணன் சொல்லுவார். மெதுவாகத்தான் சொல்லுவார்.

முடித்துக்கொடுத்துவிடாதீர்கள்.